குரலின் உடைமை: நடிகையும் தொழிற்சங்கத் தலைவருமான ஃபிரான் டிரெஷர்

நடிகை ஒருவர் தொழிற்சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்பது அமெரிக்காவில் புதுமையன்று. 1933இல் தோன்றிய திரைநடிகர் சங்கத்துக்கு 1975இல் காத்லீன் நோலன் முதல் பெண் தலைவரானார். 1985இல் பேட்டி டியூக் அப்பொறுப்புக்கு வந்தார். 2012இல் அச்சங்கமும் தொலைக்காட்சி, வானொலிக் கலைஞர் கூட்டமைப்பும் இணைந்து சாக்-ஆஃப்ட்ரா என்னும் ஒரே அமைப்பாயின. அவ்வமைப்பின் தலைவராக 2021 செப்டம்பர் முதல் 2025 செப்டம்பர் வரை விளங்கியவர் ஃபிரான் டிரெஷர்.

இவர்களுள் டிரெஷரை மட்டும் மொழி ஆய்விதழ் ஒன்றில் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அவருடைய வாழ்க்கை ஒரு பேச்சுமுறையைச் சார்ந்தே அமைந்தது. பிற நடிகர் களைய முயலும் வட்டார உச்சரிப்பு அவருக்கு முதலாயிற்று. அவர் நடித்த தொடர் பிற நாடுகளுக்குச் சென்றபோது அவ்வுச்சரிப்பே முதலில் களையப்பட்டது. சங்கத் தலைவரான பின்னர், ஒருவரின் குரல் யாருக்கு உடைமை என்னும் வினாவைப் பேச்சுவார்த்தை மேசையில் வைத்து வாதிடும் நிலை அவருக்கு நேர்ந்தது. இம்மூன்றையும் ஒருசேர நோக்கும்போது, மொழிபெயர்ப்பாளர்க்கும் பங்குள்ள ஒரு சிக்கல் வெளிப்படுகிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குவீன்ஸின் பேச்சு

டிரெஷர் 1957 செப்டம்பர் 30ஆம் நாள் நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஹில்கிரெஸ்ட் உயர்நிலைப் பள்ளியில் உடன் பயின்ற பீட்டர் மார்க் ஜேக்கப்சனை 1978இல் மணந்தார். பின்னாளில் அவருக்குப் பெரும்புகழ் தந்த தொடரை உருவாக்கியவர்களுள் ஜேக்கப்சனும் ஒருவர். இருவரும் 1999இல் மணவிலக்குப் பெற்றபோதும் தொழில் உறவு முறியவில்லை. டிரெஷர் கல்லூரிப் படிப்பை இடையில் விட்டு ஒப்பனைக் கலை பயின்றார். 1977இல் வெளிவந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. 1984இல் 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' படத்தில் இசை நிறுவனத்தின் விளம்பர அலுவலராக நடித்தார். வேடங்கள் சிறியவை. எனினும் வாய் திறந்ததும் எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பது தெரிந்துவிடும்.

அப்பேச்சின் கூறுகளைச் சுருக்கமாகக் காணலாம். உயிரொலிக்குப் பின் வரும் ரகரம் ஒலிக்கப்படாது மறையும். 'காபி', 'டாக்' முதலிய சொற்களின் முதலுயிர், நாவின் பின்பகுதி உயர்ந்து இதழ் குவிய ஒலிக்கும். இவ்விரண்டும் நியூயார்க் நகரப் பேச்சின் பொதுக்கூறுகள். இவற்றோடு டிரெஷரின் மூக்கொலிச் சாயலும், தொடரின் இறுதியை நீட்டி இழுக்கும் பாங்கும் சேர்ந்துகொள்கின்றன. முன்னவை சமூகத்துக்கு உரியவை; பின்னவை பெரிதும் தனியொருவர்க்கு உரியவை. இப்பாகுபாட்டை வாசகர் நினைவில் கொள்ளவேண்டும். ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

நியூயார்க் பேச்சின் சமூக மதிப்பைப் பற்றி மொழியியலார்க்கு அறிமுகம் தேவையில்லை. வில்லியம் லபோவ் 1962இல் மூன்று பல்பொருள் அங்காடிகளில் விற்பனையாளரிடம் நான்காம் மாடியைப் பற்றிக் கேட்டு ரகரத்தை எண்ணிய ஆய்வும், 1966இல் வெளிவந்த அவருடைய பெருநூலும் இத்துறையின் பாலபாடங்கள். ரகரத்தை ஒலிப்பது உயர்குடிக்கும் ஒலியாமை உழைக்கும் வகுப்புக்கும் அடையாளமாகிவிட்டதை மட்டும் அவர் காட்டவில்லை. அந்நகரத்தார் தம் பேச்சையே இழிவாகக் கருதினர் என்பதையும், கவனித்துப் பேச நேரும்போதெல்லாம் அதனைத் திருத்திக்கொள்ள முயன்றனர் என்பதையும் காட்டினார். நூல் வெளிவந்தபோது டிரெஷருக்கு ஒன்பது வயது. தம் ஊரார் நாணிய பேச்சை விற்றே அவர் பொருளீட்டப் போகிறார் என்பது அப்போது யாருக்கும் தோன்றியிராது. உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளுமாறு அவருக்கும் அறிவுரை கூறப்பட்டது.

வாயிலில் நின்ற பெண்

'தி நானி' என்னும் தொடர் 1993 நவம்பரில் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் தொடங்கி 1999 வரை ஆறு பருவங்களாக 146 பகுதிகள் ஒளிபரப்பாயிற்று. நானி என்பது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலிப் பெண். இத்தொடரின் கரு லண்டனில் உதித்தது. அங்குத் தோழி ஒருவரின் சிறு மகளோடு ஊர் சுற்றியபோது, இங்கிலாந்தின் ஒழுங்குமுறைகளுக்குள் தம்மைப் போன்ற குவீன்ஸ் பெண் செவிலியாக நுழைந்தால் என்னவாகும் என்னும் எண்ணம் தோன்றியதாக டிரெஷர் கூறியுள்ளார்.

கதை எளிது. திருமண உடைக் கடையில் வேலையிழந்த ஃபிரான் ஃபைன் வீடுவீடாக ஒப்பனைப் பொருள் விற்க வருகிறாள். மனைவியை இழந்த ஆங்கில நாடகத் தயாரிப்பாளர் ஒருவரின் மாளிகை வாயிலில் நிற்கிறாள். மூன்று குழந்தைகளுக்குச் செவிலியாக அமர்த்தப்படுகிறாள். நகைச்சுவை முழுவதும் இரு பேச்சுமுறைகளின் மோதலில் பிறக்கிறது. ஒருபுறம் எசமானரும் பணியாளரும் பேசும் பிரித்தானிய ஆங்கிலம், மறுபுறம் குவீன்ஸ். வேடிக்கை என்னவெனில், எசமானராக நடித்த சார்ல்ஸ் ஷாக்னெஸி லண்டனில் பிறந்தவர். ஆனால் அவரினும் மிடுக்கான பிரித்தானிய உச்சரிப்போடு பணியாளர் நைல்ஸாக நடித்த டேனியல் டேவிஸ் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தவர். கற்றுக்கொண்ட உச்சரிப்பு உயர்ந்ததாகவும் பிறப்போடு வந்த உச்சரிப்பு கேலிக்குரியதாகவும் அரங்கில் நிற்பதைக் காணும்போது, மொழி மதிப்பு என்பது ஒலியில் இல்லை என்னும் பாடத்துக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தொடரில் யிட்டிஷ் சொற்கள் தடையின்றிப் புழங்கின. தாய், பாட்டி, திருமண ஏக்கம், உணவு மீதான வேட்கை என யூதக் குடும்பத்தின் சூழல் மறைக்கப்படாமல் வந்தது. இது எளிதில் நேர்ந்ததன்று. நாயகியை இத்தாலிய வழியினளாக மாற்றினால் நன்று என ஒரு பெரிய விளம்பரதாரர் விரும்பியதாகவும், தாம் அறிந்த பேச்சையும் வாழ்க்கையையும் வைத்தே நகைச்சுவை எழுத முடியும் எனக் கூறித் தாம் மறுத்ததாகவும் டிரெஷர் பேட்டிகளில் சொல்லியுள்ளார். இச்செய்தியையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

எதிரொலிச் சொல் ஒன்று

டிரெஷர் இரு தன்வரலாற்று நூல்கள் எழுதியுள்ளார். முதலாவது 1996இல் வந்தது. அதன் தலைப்பு நாடகப் பிரதியின் மேடைக்குறிப்பு வடிவில், சிணுங்கிக்கொண்டே நுழைகிறாள் என்னும் பொருள்பட அமைந்தது. இரண்டாவது 2002இல் வெளிவந்த 'கேன்சர் ஷ்மேன்சர்'. கருப்பைப் புற்று என்பது 2000இல் கண்டறியப்படுவதற்கு முன் ஈராண்டுகள் எட்டு மருத்துவரிடம் அலைந்ததை இந்நூலில் எழுதியுள்ளார்.

இத்தலைப்பு தமிழ் மொழியியலார்க்கு மகிழ்ச்சி தருவது. முதற்சொல்லின் தொடக்க மெய்யை நீக்கி அவ்விடத்தில் 'ஷ்ம்' என்னும் ஒலியைப் பெய்து சொல்லை இரட்டிப்பது யிட்டிஷ் வழக்கு. அது நியூயார்க் யூதர் வாயிலாக அமெரிக்க ஆங்கிலத்தில் பரவியது. நம் மொழியில் 'புலி கிலி', 'பணம் கிணம்', 'மாடு கீடு' என வரும் எதிரொலிச் சொற்களின் அமைப்பும் இதுவே. இரண்டுக்கும் வேறுபாடும் உண்டு. யிட்டிஷ் வழக்கு முதற்சொல்லின் உயிரை அப்படியே வைத்துக்கொள்கிறது. தமிழ் உயிரையும் மாற்றி, குறில் நெடில் என்னும் அளவை மட்டும் காத்துக் 'கி', 'கீ' என நிற்கிறது. எமனோ எதிரொலிச் சொற்களை இந்திய மொழிக் குடும்பங்களுக்குப் பொதுவான பரப்பியற் கூறுகளுள் ஒன்றாகக் காட்டியது நாமறிந்ததே. பரப்புக்கு வெளியேயும் இவ்வகை உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

பொருள் நிலையில்தான் மொழிபெயர்ப்பாளர் விழிப்பாக இருக்கவேண்டும். 'ஷ்ம்' இரட்டிப்பு ஒரு பொருளை ஏளனமாகத் தள்ளுவது; அதனை அஞ்ச வேண்டியதில்லை என்பது. தமிழில் 'புலி கிலி' என்றால் புலியும் அதுபோன்ற பிறவும் என்பதே முதற்பொருள். ஏளனம் வேண்டுமாயின் 'ஆவது' என்னும் இடைச்சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டும். 'காய்ச்சலாவது கீய்ச்சலாவது' என்று பாட்டிமார் சொல்வதில் அது வெளிப்படும். அவ்வகையில் 'புற்றாவது கிற்றாவது' என்பதே இந்நூல் தலைப்புக்கு நேரான தமிழாகும். அகராதியில் இதற்கு வழியில்லை. திண்ணைப் பேச்சில் உண்டு.

தலைப்பு விளையாட்டாக இருப்பினும், அந்நோயே டிரெஷரைப் பொதுவாழ்க்கைக்கு இழுத்து வந்தது. தம் உடலைப் பற்றிக் கேள்வி கேட்கத் தெரிந்தவரே நல்ல நோயாளி என்பது நூலின் கருத்து. பெண்களுக்கு வரும் புற்றுநோய்கள் பற்றிய விழிப்புணர்வுக்கான சட்டம் ஒன்றை நிறைவேற்றுமாறு வாஷிங்டனில் உறுப்பினர்களைச் சந்தித்து ஆதரவு திரட்டினார். அச்சட்டம் 2007 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் நூலின் பெயராலேயே ஓர் அறக்கட்டளை நிறுவினார். 2008இல் அமெரிக்க வெளியுறவுத் துறை பெண்கள் உடல்நலம் தொடர்பான தூதராக அவரை நியமித்தது. மேடையில் சிரிக்க வைத்த குரலைக் குழுக்களின் முன் வாதிடப் பயன்படுத்தும் பழக்கம் இக்காலத்தில் வாய்த்தது எனலாம்.

இத்தாலிக்குச் சென்ற ஃபிரான்

தொடர் பல நாடுகளுக்குச் சென்றது. இத்தாலியில் அதற்கு 'லா தாத்தா' என்று பெயர். அது செவிலியைக் குறிக்கும் இத்தாலியச் சொல். நம் தாத்தாவோடு உறவில்லை. இத்தாலிய டப்பிங்கில் ஃபிரான் ஃபைன் ஃபிரான்செஸ்கா ககாச்சே ஆனாள். யூதப் பெண் இத்தாலிய வழியினளாக மாறினாள். அவள் குடும்பம் ரோமுக்குத் தென்கிழக்கே உள்ள சோச்சாரியாப் பகுதியைச் சேர்ந்ததாக்கப்பட்டது. நகரத்தார் நாட்டுப்புறமெனக் கருதும் பகுதி அது. தாய் சில்வியா அத்தையாகி அசுந்தா என்னும் பெயர் பெற்றாள். அமெரிக்காவில் விளம்பரதாரர் கேட்டு டிரெஷர் மறுத்த மாற்றத்தை, இத்தாலியில் ஒலிப்பதிவுக் கூடம் அவருடைய வாயிலேயே செய்து முடித்தது.

இதனை ஆராய்ந்த கியாரா ஃபெராரியின் நூல், 'ஃபிரான் டிரெஷர் எப்போதிலிருந்து யூதர்?' என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டது. இத்தாலிய நேயர் ஒருவரின் வியப்பு அதில் ஒலிக்கிறது. நியூயார்க் யூதரின் பேச்சு இத்தாலிய நேயர்க்கு எந்தச் சமூகப் படிமத்தையும் எழுப்பாது. சோச்சாரியாப் பேச்சு உடனே எழுப்பும். ஆகவே ஒலிக்கு ஒலி தேடாமல், ஒரு சமூகத்தில் ஒரு பேச்சுமுறை நிற்கும் இடத்துக்கு நிகரான இடத்தைத் தேடியிருக்கின்றனர். மொழிபெயர்ப்புக் கொள்கையில் இதனைச் செயல்நிலை நிகரன் என்பர். நகைச்சுவை தப்பியது. ஆனால் ஒரு மக்களின் வரலாறு முழுவதும் அதற்கு விலையாயிற்று. திரையில் யூத விழாக்களும் சடங்குகளும் கண்ணுக்குத் தெரிய, காதில் வேறொரு குடும்பத்தின் கதை விழுந்தது. கண்ணுக்கும் காதுக்கும் இடையே இவ்வளவு தொலைவு விடுவது செயல்நிலை நிகரனா, புனைவா என்பது விவாதத்துக்குரியது. பின்னது என்றே எனக்குப் படுகிறது.

ரஷ்யா டப்பிங்கை விடுத்து மறுவாக்கத்தை நாடியது. 2004இல் தொடங்கிய ரஷ்யத் தொடரின் நாயகி விகா, உக்ரைனின் மரியுபோல் நகரிலிருந்து மாஸ்கோ மாளிகைக்கு வந்தவள். குவீன்ஸின் இடத்தில் தெற்கத்தி ரஷ்யப் பேச்சு வைக்கப்பட்டது. தலைநகரத்தார் சிரிப்பதற்கு ஏற்ற தொலைவில் மரியுபோல் இருந்தது. 2022 முற்றுகைக்குப் பின்னர் அவ்வூர்ப் பெயரைக் கேட்டு யாரும் சிரிக்க இயலாது. கிளைமொழிக்கு நிகரன் தேடுவோர் தேர்ந்தெடுக்கும் ஊர்ப்பெயர்களுக்கும் வரலாறு உண்டு என்பதற்கு இதனைச் சொல்லவேண்டியுள்ளது.

118 நாட்கள்

2021 செப்டம்பரில் நடந்த சங்கத் தேர்தலில் டிரெஷர் நடிகர் மேத்யூ மோடைனை வென்று தலைவரானார். சங்கத்தில் ஏறத்தாழ 1,60,000 உறுப்பினர். பெரும்பாலோர் பெயர் தெரியாதவர். ஆண்டு முழுவதும் நடிப்பை மட்டும் நம்பி வாழ இயலாதவர். அவர்களுக்குச் சோறு போட்டது மறுஒளிபரப்புக்கான ஊதியம். ஒருமுறை நடித்த பகுதி ஒவ்வொரு முறை ஒளிபரப்பாகும்போதும் நடிகர்க்கு ஒரு பங்கு வந்து சேரும் ஏற்பாடு அது. ரொனால்ட் ரீகன் தலைவராக இருந்த 1960ஆம் ஆண்டு வேலைநிறுத்தம், திரைப்படங்கள் தொலைக்காட்சியில் வரும்போதும் இவ்வூதியத்தைப் பெற்றுத் தந்தது. (இதற்கான ஆங்கிலச் சொல் எஞ்சி நிற்பது என்னும் பொருளது. 'எச்ச ஊதியம்' என மொழிபெயர்ப்பார் இருப்பின், தமிழில் எச்சம் இலக்கணத்திலும் மரத்தடியிலும் பெற்றுள்ள பொருள்களை எண்ணிப் பார்ப்பது நலம்.) இணையவழி ஒளிபரப்பு வந்தபின் மறுஒளிபரப்பு என்னும் கருத்தே குலைந்தது. எத்தனை முறை பார்க்கப்பட்டது என்பதை நிறுவனமன்றி யாரும் அறியார். காசோலைகள் சில்லறைத் தொகையாகச் சுருங்கின.

2023 மே 2ஆம் நாள் எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. நடிகர்களும் தேவை நேர்ந்தால் வேலைநிறுத்தம் செய்ய 97.91 விழுக்காட்டு வாக்குகளால் இசைவளித்தனர். இவ்வளவுக்குப் பின்னும் டிரெஷர் மீது ஐயம் இருந்தது. பேச்சுவார்த்தை நன்கு நடைபெறுகிறது என அவர் ஜூன் இறுதியில் உறுப்பினர்க்கு அனுப்பிய காணொளி பலரைக் கலங்கச் செய்தது. தளர்ந்துவிட வேண்டாம் எனப் புகழ்பெற்ற நடிகர் பலர் கையொப்பமிட்டு மடல் விடுத்தனர். ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இத்தாலியில் ஓர் ஆடை அலங்கார நிகழ்ச்சியில் அவர் எடுத்துக்கொண்ட படம் வெளிவந்ததும் கண்டனத்துக்குள்ளாயிற்று. சங்கத்தின் ஒப்புதல் பெற்ற தொழில்முறைப் பயணம் எனச் சங்கம் விளக்கியது. விளக்கம் சரியாக இருக்கலாம், காலம் சரியில்லை.

ஜூலை 13ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸில் வேலைநிறுத்தத்தை அறிவித்து அவர் ஆற்றிய உரை அந்த ஐயத்தைப் போக்கியது. தொழிலின் அமைப்பே மாறிய பின் ஒப்பந்தம் மட்டும் மாறாமல் இருக்க முடியாது என்பதும், நடிகர்க்கு நேர்வது நாளை எல்லாத் தொழிலாளர்க்கும் நேரும் என்பதும் அதன் சாரம். முறைசார்ந்த அவையில் நியூயார்க்கர் தம் உச்சரிப்பைத் திருத்திக்கொள்வர் என்பது லபோவ் கண்டது. டிரெஷர் உலகச் செய்தியாளர் முன் குவீன்ஸ் குரலிலேயே பேசினார். முப்பது ஆண்டுகளாகச் சிரிப்போடு கேட்ட அதே ஒலியை மக்கள் முதன்முறையாகச் சினத்தின் ஒலியாகக் கேட்டனர். உழைக்கும் வகுப்பின் அடையாளமாக லபோவ் எண்ணிய ஒலி, அவ்வகுப்பின் சார்பில் பேசுவதற்கே பயன்பட்டது.

அறுபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் எழுத்தாளரும் நடிகரும் ஒரே காலத்தில் வேலையை நிறுத்தினர். வேலைநிறுத்தம் 118 நாட்கள் நீடித்து நவம்பர் 9ஆம் நாள் முடிவுற்றது. இதற்கிடையே செப்டம்பரில் நடந்த தேர்தலில் டிரெஷர் ஐந்தில் நான்கு பங்கு வாக்குகள் பெற்று மீண்டும் தலைவரானார். இதய வடிவிலான ஒரு துணிப்பொம்மையை அவர் பேச்சுவார்த்தைக்கு எடுத்துச் சென்றதைப் பத்திரிகைகள் நகையாடின. தலைமைக்கு ஆண்களின் தோரணையே இலக்கணமன்று என்பது அவர் விடை.

படியா, போலியா?

ஊதிய உயர்வையும் இணையவழி ஒளிபரப்புக்கான மிகையூதியத்தையும் விட நீண்ட இழுபறிக்குள்ளானது செயற்கை நுண்ணறிவு பற்றிய பகுதி. கூட்டக் காட்சியில் நிற்கும் துணை நடிகரை ஒரு நாள் ஊதியத்துக்கு அலகிட்டு, அவ்வுருவை என்றென்றும் பயன்படுத்த நிறுவனங்கள் கேட்டதாகச் சங்கம் கூறியது. தயாரிப்பாளர் கூட்டணி அதனை மறுத்தது.

முடிவான ஒப்பந்தம் சில புதிய கலைச்சொற்களுக்கு வரையறை தந்துள்ளது. நடிகரை நேரில் அலகிட்டு அவர் பங்கேற்போடு உருவாக்கும் எண்ணியல் உரு ஒன்று. ஏற்கெனவே உள்ள பதிவுகளைக் கொண்டு அவர் பங்கேற்பின்றி உருவாக்கும் உரு மற்றொன்று. எந்த ஒரு நடிகரையும் சாராது இயந்திரம் படைக்கும் 'செயற்கை நடிகர்' மூன்றாவது. முதல் வகைக்கு 48 மணி நேர முன்னறிவிப்பு வேண்டும். முதலிரு வகைக்கும் எதற்காகப் பயன்படுத்தப்படும் என்பதைக் குறிப்பாகச் சொல்லித் தெளிவான இசைவு பெறவேண்டும். வேறுவிதமாக வரையறுக்கப்படாவிடின் கொடுத்த இசைவு நடிகரின் இறப்புக்குப் பின்னும் செல்லும்.

இவ்வுருவைத் தமிழில் எவ்வாறு குறிப்பது? 'நகல்' என்றால் பத்திரப் பதிவு அலுவலகம் நினைவுக்கு வருகிறது. மூலத்துக்கு ஊறு செய்யாத பிரதி என்னும் சாயல் அதற்கு உண்டு. இங்கோ மூலத்தின் பிழைப்பே ஊறுபடுகிறது. 'படி' என்னும் சொல் ஏடுகளோடு ஒட்டிவிட்டது. 'போலி' உலக வழக்கில் இழிவுப் பொருள் தருவது. ஆயினும் இலக்கண நூலார் 'மஞ்சு' என்பது 'மைஞ்சு' எனவும் 'நலம்' என்பது 'நலன்' எனவும் வருவதைப் போலி என்றபோது, ஒன்றன் இடத்தில் மற்றொன்று நின்று பொருள் மாறாமல் பணியாற்றுவதையே கருதினர். நிறுவனங்கள் விரும்பியது இதுதான்: எழுத்து மாறினும் பொருள் மாறாது, ஊதியம் மட்டும் மாறும். ஒப்பந்தத்தின் நடுநிலைத் தொனிக்கு 'எண்ணியல் படிவம்' பொருந்தும். வேலைநிறுத்தக் களத்தில் தூக்கிய பதாகைக்குப் 'போலி'யே பொருந்தும். ஒரே சொல்லை இரு இடத்திலும் வைப்பது மொழிபெயர்ப்பாகாது.

டிசம்பர் 5ஆம் நாள் வெளியான முடிவின்படி, வாக்களித்தோரில் 78.33 விழுக்காட்டினர் ஒப்பந்தத்தை ஏற்றனர். வாக்களித்தோர் 38 விழுக்காட்டினரே. செயற்கை நுண்ணறிவுப் பகுதியில் ஓட்டைகள் உள்ளன என்னும் குறை சங்கத்துக்குள்ளேயே எழுந்தது. அவ்வோட்டைகளுள் ஒன்று நம்மைச் சேர்ந்தது. நடிகரின் பதிவை எண்ணியல் முறையில் மாற்றுவதற்கு இசைவு கோரவேண்டும் என்னும் விதிக்குச் சில விலக்குகள் உள்ளன. வேற்று மொழிக்கு ஏற்ப நடிகரின் உதட்டசைவையும் முக அசைவையும் குரலையும் சரிசெய்வது அவ்விலக்குகளுள் இடம்பெற்றுள்ளது. அதாவது, தன் நாட்டில் ஒரு சொல்லை மாற்றுவதற்கும் இசைவு தேவைப்படக்கூடிய நடிகரின் குரல், மொழிபெயர்ப்பு என்னும் வாயிலைக் கடக்கும்போது அக்காவலை இழக்கிறது. பழைய டப்பிங்கில் மூல நடிகரின் குரல் அகற்றப்பட்டு அயல்நாட்டுக் கலைஞர் ஒருவரின் குரல் அமர்ந்தது; அவருக்கும் ஊதியம் கிடைத்தது. புதிய முறையில் மூல நடிகரின் குரலே அயல்மொழி பேசும். டப்பிங் கலைஞர்க்கு வேலையில்லை. அவர் அமெரிக்கச் சங்கத்தின் உறுப்பினரல்லர். மேசையில் அவருக்கு நாற்காலியும் இல்லை.

டிரெஷர் பதவியிலிருந்த காலத்திலேயே குரல் பற்றிய போராட்டம் மேலும் நீண்டது. 2024 ஜூலையில் தொடங்கிய காணொளி விளையாட்டுக் கலைஞரின் வேலைநிறுத்தம், குரலையும் அசைவையும் பற்றியதே; அது 2025 ஜூன் வரை சென்றது. 2024 செப்டம்பரில் கலிஃபோர்னிய ஆளுநர், வாழும் நடிகரின் எண்ணியல் உருவுக்கும் மறைந்தவர் உருவுக்கும் காப்பளிக்கும் இரு சட்டங்களில் கையொப்பமிட்டார். 2025 தேர்தலில் டிரெஷர் போட்டியிடவில்லை. ஷான் ஆஸ்டின் தலைவரானார்.

முன்னர்க் குறித்த பாகுபாட்டை இங்கு மீண்டும் கொணரலாம். இயந்திரம் பிரித்தெடுத்து வேற்று மொழிக்குக் கடத்த வல்லது டிரெஷரின் மூக்கொலிச் சாயல், சுருதி, இழுவை ஆகிய தனியொருவர் கூறுகளையே. மறைந்த ரகரமும் உயர்ந்த உயிரும் ஆங்கிலத்தில் மட்டுமே குவீன்ஸைச் சுட்டுவன. அவற்றை இத்தாலியத்துக்குக் கடத்தினால் அவை எதையும் சுட்டா. ஆகவே டிரெஷரின் சொந்தக் குரலே நாளை இத்தாலியம் பேசினாலும், அக்குரல் எந்த ஊர் இத்தாலியத்தைப் பேசவேண்டும், அவள் ஃபிரான் ஃபைனாக இருக்கவேண்டுமா ஃபிரான்செஸ்கா ககாச்சேயாக இருக்கவேண்டுமா என்பதை யாரேனும் முடிவு செய்தாகவேண்டும். ஒப்பந்தத்தின் விலக்கு அம்முடிவைச் சரிசெய்தல் என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. முடிவெடுப்பவர் யார், அவர் நடிகரைக் கேட்கவேண்டுமா என்பவை அதில் எழுதப்படவில்லை.